பொன்னம்மாவுக்கு ஓர் இலை

மலாக்காவின் காஜா பெராங்கில் நடராஜன் வீட்டு அடுப்பு ஒரு நாளைக்கு ஐந்து முறை மூட்டப்படும். வீட்டில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஐந்து நேரத்தில் பசிக்கும். அக்கம்பக்கத்தார் அந்த வீட்டைச் சாப்பாட்டுக் கடை என்று கேலி செய்வார்கள். கடைக்கு வருகிறவனாவது உட்கார்ந்து சாப்பிடுவான். இங்கே எல்லாருக்கும் காலில் சக்கரம்.

மூத்தவன் சேதுராமன் பஸ் கண்டக்டர். ஜாசின் போகிற முதல் பஸ் அவனுடையது. அவன் எழுந்து சட்டை மாட்டுவதற்குள் அடுக்களையில் எண்ணெய் காய்ந்திருக்கும். கறுத்துக் கனிந்த வாழைப்பழத்தை மசித்து, ஒரு பிடி கோதுமை மாவு, கொஞ்சம் சீனி, ஒரு கல் உப்பு சேர்த்துப் பிசைந்து, விரலால் கிள்ளி எண்ணெயில் போட்டால் ஜெம்புட். பத்து நிமிஷ வேலை. அதைப் பழைய பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டு, சூடு பொறுக்காமல் கை மாற்றிக் கை மாற்றி ஓடுவான்.

அவன் போனதும் நடராஜன். முனிசிபல் தண்ணீர்க் குழாய்ப் பகுதியில் மேற்பார்வை வேலை. சுட்ட ரொட்டியும் கோப்பியும். பிறகு கடைக்குட்டி சந்திரமதி, பதினொரு வயது, பள்ளிக்கூடம் போகிறவள். நடுவிலவள் மல்லிகா பெரியாஸ்பத்திரியில் தாதி வேலை பழகுகிறாள். அவளுக்கு ஒரு வாரம் காலை, ஒரு வாரம் ராத்திரி. எப்போது வருவாள், எப்போது பசிக்கும் என்பது அவளுக்கே தெரியாது.

இந்த நாலு பேருக்கும் அடுப்பு மூட்டுகிற ஐந்தாவது ஆள்தான் சிவகாமசுந்தரி. முதல் மனைவி பொன்னம்மா இறந்தபின் வந்த நடராஜனின் இரண்டாம் தாரம். வந்து பதினொரு மாதம் ஆகிறது.

ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவள் ஆயாக்கொட்டகை பார்த்தவள். பால்வெட்டப் போகும் தாய்மார் விட்டுப்போகிற பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவதும் தொட்டில் ஆட்டுவதும் வேலை. மூன்று அண்ணன்மார், மூன்று பேருக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் வரிசையாகப் பிறந்ததில், தங்கைக்கு ஒரு மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்ற நினைப்பு யாருக்கும் வரவில்லை. முப்பத்து மூன்று வயதில் தானாக வந்தது இந்தச் சம்பந்தம். பாடாங் மைதானத்தில் மெர்டேக்கா என்கிற சுதந்திரத் தேதியை அறிவித்த அதே வாரம் கல்யாணம். ஊர் முழுக்கக் கொடியும் கூட்டமும் கோஷமுமாக இருந்தது. இத்தனை கொண்டாட்டத்துக்கு நடுவில் ஒரு வீட்டுக்குப் போகிறோமே, நல்ல சகுனந்தான் என்று அந்தப் பைத்தியக்காரி நினைத்துக்கொண்டாள்.

வந்து பார்த்தால் வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. நடராஜன் குடும்பம் மலாக்காச் செட்டிகள். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணிலேயே ஊறிப்போனவர்கள். கும்பிடுகிற சாமி மாரியம்மன், வைக்கிற பெயர் தமிழ்ப் பெயர், பேசுவது மட்டும் மலாய். நடராஜன் குழாய்ப் பள்ளம் தோண்டுகிற ஆட்களோடு பழகித் தமிழ் கற்றவர். அவர் தமிழ் ‘தோண்டு, மூடு, சீக்கிரம்’ என்கிற அளவுக்கு நன்றாக இருக்கும். பெரிய பிள்ளைகள் இரண்டும் தேவைக்கு நாலு வார்த்தை பேசும். சந்திரமதி ஒருத்திதான் பதினொரு மாதத்தில் சின்னம்மா வாயிலிருந்து தமிழைப் பொறுக்கிச் சேர்த்திருந்தாள். ஆனால் அவள் வாயைத் திறந்தால்தானே!

மத்தியானம் ஒன்றரைக்கு அந்தப் பிள்ளை பள்ளிவிட்டு வரும். தட்டில் போட்டதைக் கோழி கொத்துவதுபோல் கொத்திவிட்டுப் புத்தகத்தோடு முன்னறைக்குப் போய்விடும். சிவகாமசுந்தரி பாத்திரம் கழுவி, மாலைப் பலகாரத்துக்குத் தேங்காய் துருவி வைத்துவிட்டு, மூன்று மணிக்குத்தான் தன் சாப்பாட்டுக்கு உட்காருவாள். தட்டெல்லாம் வைத்துக்கொள்வதில்லை. சோற்றுப் பானையின் அடியில் பிடித்திருக்கிற காந்தலைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, அதன்மேல் ஒரு பிடி தேங்காய்த் துருவலும் உடைந்த குலா மலாக்காத் துண்டும் போட்டு, பின்வாசல் படியில் உட்கார்ந்து தின்பாள். தென்னை வெல்லம் சூட்டில் இளகிக் காந்தலோடு ஒட்டிக்கொள்ளும். எதிரே சாக்கடை, அதற்கப்பால் சபியாக்கா வீட்டுத் துணிக்கொடி. கேட்பதற்குக் காற்றுச் சத்தமும் காக்கைச் சத்தமும்.

ஒரு விஷயம் மட்டும் அவளை அறுத்துக்கொண்டிருந்தது. அவள் பானையைச் சுரண்டத் தொடங்கினாலே முன்னறையில் சந்திரமதி எழுந்துவிடுவாள். செருப்புச் சத்தம் கேட்கும். கதவு சாத்தும். பிள்ளை ரோட்டோரம் வாய்க்கால் மதகில் போய் வெயிலில் உட்கார்ந்திருக்கும். பானை சுரண்டித் தின்கிறவளைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறதாக்கும் என்று சிவகாமசுந்தரி நினைத்துக்கொண்டாள். சத்தம் வராமல் சுரண்டிப் பார்த்தாள். காந்தல் என்ன, சொன்ன பேச்சா கேட்கும்?

பிள்ளை மதகில் உட்கார்ந்திருந்ததைத்தான் மாக் லோங் பார்த்துவிட்டாள்.

மாக் லோங் என்பது நடராஜனின் அக்கா. தெங்கேராவில் வீடு. மூத்த அத்தையைப் பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஊருக்கே அவள் மாக் லோங் ஆகிவிட்டாள். போகிப் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்னால் சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கியவள், பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள். அவள் பேசியதெல்லாம் மலாய். என்னால் முடிந்த அளவு தமிழாக்கித் தருகிறேன். அசலில் காரம் இன்னும் கூடுதல். வீட்டார் மலாய் கலந்து பேசுவதையும் இனி அப்படியே தமிழாக்கிவிடுகிறேன்.

“நடராஜா, இது பிள்ளையா எலும்புக்கூடா? நடுவெயில்ல ரோட்டுல உட்கார்ந்திருக்கு. வீட்டுல பொம்பள இருக்காளா இல்லையா?”

நடராஜன் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து காலில் சேறு கழுவிக்கொண்டிருந்தார். “இருக்கா அக்கா. அவ எல்லாம் செஞ்சுதான் போடறா.”

“செஞ்சு போட்டா தின்ன மாட்டாளா பிள்ள? சோறு செஞ்சு போட்டா மட்டும் ஆச்சா?” மாக் லோங் அடுக்களைப் பக்கம் திரும்பினாள். குரலைத் தணிக்கவில்லை. “பொன்னம்மா போயி மூணாவது பர்ச்சுப் படையல் வருது. ரெண்டு வருஷம் அவளுக்குப் பொது இலையில வெச்சோம். மூணாவது வருஷம் பேர் சொல்லித் தனி இலை. அத அந்த அடுக்களையில இப்ப இருக்கறவதான் சமைக்கணும். நம்ம வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும்.”

“தெரியும் அக்கா.”

“போனவளுக்குப் பிடிச்சது அந்த இலையில இருக்கணும். இருந்தா, அவ சம்மதிச்சுட்டான்னு அர்த்தம். இல்லன்னா அன்னைக்கே இந்தப் பிள்ளைய நான் தெங்கேராவுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். என் வீட்டுல இருந்து படிக்கட்டும்.”

சந்திரமதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நடராஜன் துண்டால் காலைத் துடைத்தார். துடைத்த காலையே மறுபடியும் துடைத்தார். அக்காவை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

சிவகாமசுந்தரிக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை ராத்திரி நடராஜன் சொன்னார். போகியன்று செத்துப்போனவர்களுக்கு இலை போட்டுப் படைத்து, வீட்டைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். செத்தவர்கள் வந்து சாப்பிட்டுப் போன பிறகுதான் வீட்டார் சாப்பிடலாம். படைக்கிற வரைக்கும் எதையும் வாயில் வைத்து ருசி பார்க்கக் கூடாது. சமைத்துவிடலாம், அதில் அவளுக்குப் பயமில்லை. பிள்ளை போய்விடும் என்பதைத்தான் நினைக்க முடியவில்லை. மூன்று மணிக்கு மதகில் போய் உட்கார்ந்தாலும் நாலு மணிக்குத் திரும்பி வருகிற பிள்ளை அது. “சின்னம்மா, தண்ணி” என்று கேட்கிற ஒரு வாய் அது. அதுவும் இல்லையென்றால் காலையிலிருந்து மாலைவரை அவள் பெயரைச் சொல்ல இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

மறுநாள் நடராஜன் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றாள்.

“என்னாங்க, அக்காவுக்கு என்னா புடிக்கும்?”

“எந்த அக்கா?”

“பொன்னம்மா அக்கா.”

“அவளுக்கா?” சோப்பு நுரைக்கு நடுவில் நடராஜன் முகம் மலர்ந்தது. “சாகோ. குலா மலாக்கா ஊத்தி. ஞாயித்துக்கெழமன்னா செய்வா. ஜவ்வரிசிய வேகவெச்சி, பச்சத் தண்ணியில அலசி, கண்ணாடி மாதிரி வந்ததும் அச்சுல போட்டு வெப்பா. அதுமேல சந்தான், அதான் தேங்காப்பாலு, ஊத்தி, குலா மலாக்காப் பாகு ஊத்தி... நான் ரெண்டு மங்கு சாப்பிடுவேன்.”

“அவங்க எத்தன மங்கு சாப்பிடுவாங்க?”

கத்தி கன்னத்தில் நின்றது. “அவ... அவ செய்வா லா. சாப்பிட்டிருப்பா. செய்யிறவ சாப்பிடாம இருப்பாளா?”

“நீங்க பாத்திருக்கீங்களா?”

“நேரமாச்சு,” என்றார் நடராஜன்.

சேதுராமன் நடுப்பகலில் ஒரு மணி நேரம் வருவான். டிக்கெட் பையைக் கழற்றாமலே நின்றுகொண்டு சாப்பிட்டவனிடம் கேட்டாள்.

“பாராங் மீனு,” என்றான் யோசிக்காமல். “முள்ளெல்லாம் எடுத்துட்டு, உள்ள மிளகாச் சம்பால் வெச்சிப் பொரிப்பாங்க. ருசியா இருக்கும். எனக்கு முள்ளு ஆகாது, அதான்.”

“ஒனக்கு ஆகாதுன்னுதானே முள்ளெடுத்தாங்க? அவங்களுக்கும் அதானா?”

“அதேதான்... அதேதான்னு நெனைக்கிறேன்.” அவன் தண்ணீர் குடித்தான். “அம்மாவ உக்காந்து சாப்பிட நான் பாத்ததில்ல. நான் இருக்கறதே இந்த ஒரு மணி நேரந்தானே.”

மல்லிகா தூக்கக் கலக்கத்தில் சொன்னாள்: “புளுட் இந்தி. ஒட்டரிசிய அவிச்சி, மேல தேங்காப் பூரணம் வெச்சி, வாழயெலையில கட்டித் தருவாங்க. ஆஸ்பத்திரியில எல்லாரும் பிச்சிப் பிச்சித் திம்பாங்க.” பிறகு அவளே நிறுத்தினாள். “இல்ல, அது நான் கேட்டது. அம்மாவுக்கு... தெரியலயே.” அவள் சொன்ன அந்தக் கடைசி வார்த்தை ஒன்றுதான் அந்த வீட்டில் யோசித்துச் சொன்ன பதில்.

சந்திரமதியிடம் கேட்டபோது அவள் அடுப்பின்மேல் இருந்த சோற்றுப் பானையை ஒருதரம் பார்த்தாள். “தெரியாது,” என்றாள். போய் மதகில் உட்கார்ந்துகொண்டாள்.

இருபத்திரண்டு வருஷம் இந்த அடுப்படியில் நின்று எல்லாருக்கும் ஆக்கிப் போட்ட ஒருத்திக்கு எது பிடிக்கும் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. கேட்டால் அவரவர் தங்கள் நாக்கை நீட்டுகிறார்கள். சிவகாமசுந்தரிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அந்தக் கோபம் பொன்னம்மாவுக்காகவா தனக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சாக்கடைக்கு அப்பால் சபியாக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் அப்துல் கய்யூமுக்கு டவுனில் மளிகைக் கடை. பத்து வருஷமாகப் பக்கத்து வீடு. சிவகாமசுந்தரி வாய்விட்டுத் தமிழ் பேசுவது அந்தத் துணிக்கொடிக்கு இப்பால் நின்றுதான்.

“சபியாக்கா, பொன்னம்மா அக்கா என்னா விரும்பிச் சாப்பிடுவாங்கன்னு உங்களுக்காச்சும் தெரியுமா?”

“அவ கைப்பக்குவம் யாருக்கு வரும் தங்கச்சி! நோம்பு மாசத்துல ஒண்டே ஒண்டேன்னு மாவுருண்ட உருட்டித் தருவா எனக்கு. வாயில போட்டா உள்ள வெல்லம் அப்படியே ஒடையும். எங்க வீட்டுக்காரரு...”

“நீங்க சாப்பிட்டது சரிக்கா. அவங்க?”

சபியாக்கா கையில் பிழிந்த சட்டையோடு நின்றுவிட்டாள். “யா அல்லா,” என்றாள் மெதுவாக. “நான் பாத்ததே இல்லியே. பத்து வருஷம்! வாங்கி வாங்கித் தின்னுருக்கேன், நீ தின்னியான்னு ஒரு வார்த்த கேட்டதில்ல. வெக்கக்கேடு.”

“யாருமே கேக்கலக்கா.”

“இரு, இரு.” சபியாக்கா சட்டையை உதறினாள். “ஒன்னு இருக்கு. சொன்னா நீ பயந்துக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“மூணு மணிக்கு ஒங்க வீட்டுல பானை சொரண்டுற சத்தம் கேக்கும். தெனமும். அவ இருந்த காலத்துல, மணி பாக்கவே வேணாம், அத வெச்சிதான் நான் தேத்தண்ணி போட எந்திரிப்பேன். அவ மவுத்தானதுக்கப்புறம் அந்தச் சத்தம் நின்னு போச்சு. ஒன்ற வருஷத்துக்கு மேல கேக்கவே இல்ல. போன வருஷம் நீ வந்த மறுநாளு மூணு மணிக்குத் திரும்பக் கேக்குது! எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அவதான் வந்துட்டாளோன்னு எட்டிப் பாத்தேன். நீ உக்காந்திருக்க, அதே படியில.”

“சொரண்டி என்னா செய்வாங்க?”

“சில நாளு தேங்கா முடிஞ்சி போச்சுன்னு ஒரு பிடி துருவல் கேட்டு வருவா. எதுக்குடின்னா, ‘கெராக்குக்கு’ம்பா. காந்தலுக்கு. வெல்லம் போட்டுத் திம்பா போல.”

“புடிச்சித் தின்னாங்களா, மிச்சம்னு தின்னாங்களா?”

“அத அவகிட்டதான் கேக்கணும்,” என்றாள் சபியாக்கா. “நீ எதுக்குத் திங்கிற?”

“வீணாப் போவக்கூடாதுன்னு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள் சிவகாமசுந்தரி. சபியாக்கா சிரிக்கவில்லை.

போகி ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல்நாளே சேதுராமன் பாராங் மீன் வாங்கிவந்தான். நடராஜன் இலை அறுத்துவந்தார். அன்றைக்கு மட்டும் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். சேதுராமனுக்குப் பிற்பகல் இரண்டரைக்கு பஸ், மல்லிகாவுக்கு மூன்றுக்கு ஆஸ்பத்திரி. அதற்குள் முடிக்க வேண்டும். மாக் லோங் காலையிலேயே வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டாள். சந்திரமதியின் துணிமணியைத் தகரப் பெட்டியில் அடுக்கி, வாசல் கதவோரம் வைத்தாகிவிட்டது.

சிவகாமசுந்தரி குளித்து ஈரக்கூந்தலோடு அடுப்படிக்குப் போனாள். ருசி பார்க்காமல் சமைப்பது அவளுக்குப் புதிது. ஆயாக்கொட்டகையில் நூறு பிள்ளைக் கஞ்சியையும் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தவள். இன்றைக்கு உப்பை விரலால் அளந்தாள். சந்தானில் வாசத்துக்குப் பண்டான் இலையை முடிந்து போட்டு, திரிந்துவிடாமல் கிண்டினாள். குலா மலாக்காவை உருக்கி வடிகட்டினாள். ஜவ்வரிசியை அலசி அலசிக் கண்ணாடியாக்கினாள். மீனை முதுகில் கீறி முள்ளெடுத்தாள். அதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. ஒட்டரிசி ஆவியில் வெந்தது. நடராஜனுக்குப் பிடித்தது, சேதுவுக்குப் பிடித்தது, மல்லிகாவுக்குப் பிடித்தது எல்லாம் தயார். சபியாக்கா சொன்ன ஒண்டே ஒண்டேயும் கொதிநீரில் மிதந்து எழும்பிவிட்டது.

கடைசியாகச் சோறு. கஞ்சி வடித்து, பானையைத் தணலில் ஏற்றி வைத்தாள். எல்லாரும் இறக்குகிற நேரத்தில் அவள் இறக்கவில்லை. மணை போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பிடிக்க வேண்டும், ஆனால் கரியக் கூடாது. வாயால் ருசி பார்ப்பதுதானே தப்பு, மூக்கால் பார்க்கத் தடையில்லையே. முதலில் வெந்த சோற்று வாசம் வந்தது. பிறகு பொரிகடலை வாசம். இன்னும் கொஞ்சம் என்று காத்திருந்தாள்.

“ஹாங்குஸ்! ஹாங்குஸ்!”

கருகுது, கருகுது என்று கத்திக்கொண்டே மாக் லோங் ஓடிவந்தாள். “செத்தவங்களுக்கு வெக்கிற சோறு! அடி பிடிக்க விட்டுட்டுப் பாத்துட்டு உட்கார்ந்திருக்கே! நான் சொன்னேனே நடராஜா, இவளுக்கு நம்ம வழக்கம் ஆகாதுன்னு.”

நடராஜனும் பிள்ளைகளும் அடுக்களை வாசலில் வந்து நின்றார்கள். சிவகாமசுந்தரி பானையை இறக்கினாள். மேற்சோற்றை வேறு பாத்திரத்தில் வாரினாள். கரண்டியைப் பானைக்குள் விட்டுச் சுரண்டினாள். பொன்னிறமாக, வட்டமாக, ஓரம் உடையாமல் காந்தல் எழும்பி வந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பொன்னம்மாவின் இலையில், சாகோவுக்கும் மீனுக்கும் நடுவில் வைத்தாள். மேலே ஒரு பிடி தேங்காய்த் துருவல். ஒரு துண்டு குலா மலாக்கா.

“எடு அத!” என்றாள் மாக் லோங். “பானைச் சொரண்டலையா வெக்கிறே, ஒரு சுமங்கலியாப் போனவளுக்கு?”

“எடுக்க மாட்டேன்,” என்றாள் சிவகாமசுந்தரி. தமிழில்தான் சொன்னாள். “என்னாங்க, அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க. இந்த எலையில இருக்கற மத்ததெல்லாம் உங்களுக்குப் புடிச்சது. உங்கள்ல ஒருத்தருக்கும் அவங்க என்னா சாப்பிட்டாங்கன்னு தெரியல. எனக்கும் வேற ஒன்னும் தெரியல. இது ஒன்னுதான் தெரிஞ்சது. இதுவும் தப்புன்னா பிள்ளய கூட்டிட்டுப் போவட்டும்.”

நடராஜன் மலாயில் சொன்னார். பாதியைத்தான் சொன்னார். மீதியைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆனால் மாக் லோங்குக்கு அந்தப் பாதியே போதுமாயிருந்தது. சாம்பிராணித் தட்டை எடுத்தாள். புகை போட்டு, ஒவ்வொரு இலைக்கும் பெயர் சொல்லி அழைத்தாள். கடைசி இலையில் பொன்னம்மா என்றபோது குரல் உடைந்தது. என்ன இருந்தாலும் அவள் பார்த்துக் கட்டிவைத்த தம்பி பெண்டாட்டி.

கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்தார்கள். ஜம்பு மரத்தடியில் நின்றார்கள். மார்கழிக் கடல்காற்று இலைகளைப் புரட்டியது. அந்தக் குடும்பம் மொத்தமும் ஒரே இடத்தில் சும்மா நின்றது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பார்ப்பதற்கு ஒருவரை ஒருவர் அறியாத பஸ் பயணிகள் மாதிரி இருந்தார்கள். சிவகாமசுந்தரி கொஞ்சம் தள்ளி, கிணற்றடியில் நின்றாள். உள்ளே ஒருத்தி தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று நினைத்தாள். இன்றைக்கும் தனியாகத்தான்.

மாக் லோங் மூன்று தரம் கதவைத் தட்டித் திறந்தாள். இனிமேல் போனவளின் இலையிலிருந்து சொந்தங்கள் எடுத்துச் சாப்பிட வேண்டும். நடராஜன் கை சாகோவுக்குப் போனது. சேதுராமன் மீனைப் பிட்டான். மல்லிகா புளுட் இந்தியை எடுத்தாள். எடுத்த பிறகுதான் மூன்று பேரும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் காந்தல் அப்படியே இருந்தது.

சந்திரமதி இலை முன்னால் உட்கார்ந்தாள். காந்தலை எடுத்து இரண்டாக உடைத்தாள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பெரியதை வாயருகே கொண்டுபோனவள் உடைந்து அழத் தொடங்கினாள். அந்தப் பிள்ளை அம்மா போன அன்றைக்குக்கூட இப்படி அழவில்லை என்று பிற்பாடு சபியாக்கா சொன்னாள்.

“என் மாக், அம்மா, எனக்குப் பெருசு தருவாங்க,” என்றாள் விக்கலுக்கு நடுவில். “ஸ்கூல் விட்டு வந்தா. மூணு மணிக்கு. படியில உக்காந்து நாங்க ரெண்டு பேரும். யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க.”

“ஏன் சொல்லக் கூடாது?” என்றார் நடராஜன்.

“பாபா நீங்க ஏசுவீங்கன்னு. பானைய அடி பிடிக்க விடறியான்னு பாபா ஒருதரம் ஏசினீங்களாம்.”

நடராஜன் சாகோ மங்கைக் கீழே வைத்தார். எப்போது ஏசினோம் என்று அவருக்கு நினைவே இல்லை. அதுதான் அவரை அதிகம் வதைத்தது. ஏசியவருக்கு மறந்துபோனது, கேட்டவளுக்குச் சாகிறவரைக்கும் மறக்கவில்லை.

“அப்ப அந்த மதகுல போயி உக்கார்றது?” என்று சிவகாமசுந்தரி கேட்டாள்.

“நீங்க சொரண்டும்போது மாக் சொரண்டுற மாதிரியே கேக்கும் சின்னம்மா. உள்ள வந்து பாத்தா நீங்கதான் இருப்பீங்க.” பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அதான் வெளிய போயிருவேன்.”

சிவகாமசுந்தரிக்கு அதைக் கேட்டு ஆறுதலாகவும் இருந்தது, வலிக்கவும் வலித்தது. அருவருப்பில்லை, அதுவரை சரி. ஆனால் பதினொரு மாதமாகத் தினம் ஒருதரம் அந்தப் பிள்ளையை ஏமாற்றியிருக்கிறாள், தெரியாமலே.

மாக் லோங் இலையைப் பார்த்தாள். பிறகு சிவகாமசுந்தரியைப் பார்த்தாள். “உனக்கு எப்படித் தெரிஞ்சது?” என்று தனக்குத் தெரிந்த உடைந்த தமிழில் கேட்டாள்.

“நானும் அதத்தான் திங்கிறேன், மாக் லோங்.”

கிழவி எழுந்து போய் வாசலோரம் இருந்த தகரப் பெட்டியைத் தானே தூக்கினாள். சேதுராமன் உதவப் போனான். வேண்டாம் என்று தலையாட்டினாள். முன்னறைக்குள் கொண்டுபோய், பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான் தீர்ப்பு.

அதற்குப்பின் வீடு பழையபடி வீடானது. சேதுராமன் இரண்டரை பஸ்ஸுக்கு ஓடினான். மல்லிகா வெள்ளைத் தொப்பியைக் குத்திக்கொண்டே படியிறங்கினாள். எங்கோ குழாய் உடைந்துவிட்டதென்று சைக்கிளில் ஆள் வந்தான், நடராஜன் அவன் பின்னால் போனார். போகும்போது வாசலில் நின்று திரும்பினார். எதையோ கேட்க வந்தவர்போல் இருந்தது. “கதவச் சாத்திக்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மாக் லோங்கின் ரிக்‌ஷாவும் போய்விட்டது. பதினாறு பாத்திரங்கள் கழுவக் கிடந்தன. சிவகாமசுந்தரி சாப்பிட்டாளா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு இலை முழுக்க அந்தப் பாடத்தைப் பரிமாறியும் கேட்கத் தோன்றவில்லை.

பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அவள் கரண்டியைக் கையில் எடுத்தாள். சுரண்டுவதா வேண்டாமா என்று யோசித்தாள். பிறகு சுரண்டினாள். முன்னறையில் செருப்புச் சத்தம் கேட்டது. முன்கதவு சாத்துகிற சத்தத்துக்குக் காத்திருந்தாள். அது வரவில்லை. சந்திரமதி பின்வாசலுக்கு வந்து, படியில் ஓரமாக உட்கார்ந்தாள்.

காந்தலை இரண்டாக உடைத்து, பெரியதை அவளிடம் நீட்டினாள் சிவகாமசுந்தரி. பிள்ளை வாங்கிக் கடித்தது. துணிக்கொடிக்கு அப்பால் சபியாக்கா வீட்டில் தேத்தண்ணிக்கு அடுப்பு ஊதுகிற புகை எழுந்தது.

“சின்னம்மா,” என்றாள் சந்திரமதி. “உங்களுக்கு என்னா புடிக்கும்?”

சிவகாமசுந்தரி கையிலிருந்த துண்டைக் காட்டினாள். “இதுதான்.”

“இது மிச்சந்தானே. பானையில ஒட்டினது. நாங்க யாரும் இல்லன்னா, உங்களுக்கு மட்டும் செஞ்சா, என்னா செய்வீங்க?”

நல்ல கேள்விதான். சிவகாமசுந்தரி யோசித்தாள். தோசை நினைவுக்கு வந்தது; அது பெரியண்ணனுக்கு. கேப்பைக் கூழ், அது ஆயாக்கொட்டகைப் பிள்ளைகளுக்கு. ஜெம்புட், சாகோ, ரொட்டி, மீன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களை ஒவ்வொருவராக விலக்கிவிட்டுப் பார்த்தாள். முப்பத்து நாலு வயதில் அடுப்புக்கு அந்தப் பக்கம் அவளுக்கென்று ஒன்றுமே இல்லை.

“தெரியலயேம்மா,” என்றாள்.

சந்திரமதி தலையை ஆட்டினாள். அவளுக்கு ஆச்சரியமாக இல்லை.

“மாக்கிட்ட நான் கேட்டப்பவும் இதான் சொன்னாங்க,” என்றாள்.

பிள்ளை தன் துண்டைத் தின்று முடித்து, விரலில் ஒட்டிய வெல்லத்தை நக்கிக்கொண்டு இன்னொரு பதிலுக்காகக் காத்திருந்தது. வெயில் படிக்கு இறங்கியது. சிவகாமசுந்தரி தன் துண்டைக் கையில் வைத்தபடி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.